பிஞ்சில் பழுத்த நுரையீரல்

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், அமெரிக்காவின் கேப் காட் பகுதியிலுள்ள ஓட்டிஸ் விமானப்படைத் தளத்து மருத்துவமனையில், குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே வந்துவிட்ட குழந்தை. எடை ஏறத்தாழ 2 கிலோ 100 கிராம். அது மூச்சுக்குத் திணறுவதைக் கண்டதும் தளத்தின் ஆன்ம குரு தாமதமின்றித் திருமுழுக்கு அளித்தார். பேட்ரிக் என்பது பெயர். பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசென்றார்கள்; உயர் அழுத்தத்தில் பிராணவாயு நிரப்பப்பட்ட அறையில் வைத்துப் பார்த்தார்கள். அணு ஆயுதங்களை ஆணையிட்டு ஏவக்கூடிய மனிதர், தம் மகனுக்கு ஒரு மூச்சு வாங்கித்தர இயலாமல் காத்திருந்தார். 39 மணி நேரம் வாழ்ந்து, ஆகஸ்டு 9 அதிகாலையில் குழந்தை இறந்தது. கர்தினால் குஷிங் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார்.

திருக்குடும்பப் படத்துக்கு அருகே கென்னடியின் படத்தையும் மாட்டியிருந்த வீடுகள் இரண்டொன்றை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தந்தையின் சவப்பெட்டிக்கு முன் நின்று சல்யூட் அடித்த மூத்த மகனைப் பற்றி அவ்வீடுகளில் பேசுவார்கள். பேட்ரிக்கைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. ஆயினும் மருத்துவ வரலாற்றில் அச்சிறுவனுக்கு ஓர் இடம் உண்டு. குறைமாதக் குழந்தைகள் எதனால் இறக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த மரணம் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தது.

விடையின் முதற்பகுதி அதற்கு நான்காண்டு முன்பே கிடைத்திருந்தது. நம் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் உள்ளே ஈரம் படிந்தவை. ஈரமான நுண்குமிழி தன் பரப்பு இழுவிசையாலேயே சுருங்கி ஒட்டிக்கொள்ள முயலும். அவ்வாறு ஒட்டாமல் காப்பது, சோப்புப் போல இழுவிசையைத் தணிக்கும் ஒரு கொழுப்புப் பூச்சு. சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர். மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அப்பூச்சு குன்றியிருந்ததை, 1959-இல் பாஸ்டனில் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர் ஜெர் மீடுடன் சேர்ந்து நிறுவினார். கரு வளர்ச்சியின் பிற்பகுதியில் ஊறிச் சேரும் பூச்சு அது. பேட்ரிக்கின் நுரையீரலில் அது போதிய அளவு ஊறவில்லை. காரணம் தெரிந்திருந்தது; கொடுக்க மருந்து இல்லை.

மருந்து இல்லாத இடத்தில் கருவி வந்தது. 1961 அக்டோபர் 31 அன்று, டென்னசி மாநிலத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் ஸ்டால்மன் என்ற மருத்துவர், இளம்பிள்ளைவாத நோயாளிகளுக்குப் பயன்பட்ட ‘இரும்பு நுரையீர’லின் சிறிய வடிவம் ஒன்றில் மூச்சுத்திணறிய சிசுவை வைத்துப் பிழைக்கச் செய்தார். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, பின்னாளில் அதே மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே செவிலியாகப் பணி செய்தார். அறுபதுகளின் நடுவில், மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகி அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவிகள் சிசுக்களுக்கும் பயன்படலாயின.

மூச்சுக் கருவி பற்றிய அறக்கேள்வி திருச்சபைக்கும் புதிதாக இருக்கவில்லை. 1957 நவம்பர் 24 அன்று, மயக்கமருந்து மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்குத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் விடையளித்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை உண்டு; அசாதாரண வழிகளைக் கையாண்டே தீரவேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் சாரம். ஆனால் எது சாதாரணம், எது அசாதாரணம் என்ற எல்லைக்கோடு கருவிகள் பெருகப் பெருக நகர்ந்துகொண்டே போயிற்று. 1963-இல் 2 கிலோ குழந்தையைக் கைவிட்ட மருத்துவம், இன்று அந்த எடையுள்ள குழந்தைக்காகப் பெரிதும் கவலைப்படுவதில்லை.

இனிதான் கதையின் கடினமான பகுதி. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் நார்த்வே என்ற எக்ஸ்ரே மருத்துவர், கருவியால் பிழைத்த சிசுக்களின் மார்புப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். முதல் நாட்களில் வழக்கமான மூச்சுத்திணறல் நோயின் மங்கல். அது தெளிய வேண்டிய காலத்தில் தெளியவில்லை. நுரையீரல் முழுவதும் வெண்மையாயிற்று. பிறகு கடற்பஞ்சு போலச் சிறு குமிழிகள். அதன்பின் பெருங்குமிழிகளும் அவற்றினூடே தழும்புக் கோடுகளும். 1967-இல் அவரும் ரோசன், போர்ட்டர் ஆகிய இருவரும் 32 குழந்தைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டு, இந்த நிலைக்கு ‘பிராங்கோ-பல்மனரி டிஸ்பிளேசியா’ என்று பெயரிட்டனர். மூச்சுக்கிளைகளும் நுரையீரலும் முறைகெட வளர்ந்த நிலை என்பது பொருள். பழைய மருத்துவ நூல்கள் எவற்றிலும் அந்நோய் இல்லை. அதுவரை அக்குழந்தைகள் அந்நோய் வருமளவு நாள் உயிரோடு இருந்ததில்லை. ஆறு நாட்களுக்கும் மேலாக மிகைப் பிராணவாயுவைச் சுவாசித்ததையும், கருவியின் அழுத்தத்தையும் நார்த்வே குழுவினர் சந்தேகித்தனர். நாம் காப்பாற்றிய முறையே நோயைத் தந்திருக்கலாம் என்று எழுதிய அந்தத் துணிவை, கண்டுபிடிப்பைவிடவும் நான் மதிக்கிறேன்.

பிராணவாயுவின் மறுபக்கம் பற்றிய எச்சரிக்கை ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருந்தது. 1942-இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளிடம் புதுவகைக் குருட்டுத்தன்மையை விவரித்தார். நவீன இன்குபேட்டர்களும் தாராளமான பிராணவாயுவும் இருந்த வசதியான மருத்துவமனைகளில்தான் அது அதிகம் தோன்றியது. 1951-இல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண்மணி, பிராணவாயுவே காரணமாகலாம் என்றார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் சோதித்துப் பார்க்க முனைந்தபோது, குறைந்த பிராணவாயு பெற்ற குழந்தைகள் மீது இரக்கம் கொண்ட செவிலியர் சிலர் இரவில் யாருமறியாமல் குழாயைத் திறந்துவிட்டார்களாம்! அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1953–54-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு உண்மையை உறுதிசெய்வதற்குள், உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தனர். உடனே மருத்துவர்கள் மறுபுறம் சாய்ந்து பிராணவாயுவைக் கடுமையாகக் குறைத்தனர். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் 16 குழந்தைகள் மூச்சின்றி இறந்திருக்கலாம் என்று 1973-இல் லண்டனின் கென்னத் கிராஸ் கணக்கிட்டார்.

கண்ணின் கதையை இங்கே சொன்னதற்குக் காரணம் உண்டு. நுரையீரலின் கதையோடு அது பின்னால் வந்து சேரும்.

இதற்கிடையே நுரையீரலை முன்கூட்டியே பழுக்க வைக்கும் வழி தென்பட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் ஆட்டுக் கருக்களை ஆராய்ந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்று மிக முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று, இறந்தே இருக்கவேண்டிய நிலையிலும் மூச்சு விட்டது. 1972-இல் அவரும் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரை உட்படுத்திய ஆய்வை வெளியிட்டனர்: பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது. எளிய, மலிவான இந்த முறையை மருத்துவ உலகம் பரவலாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1980-இல் ஜப்பானின் அகிதா நகரில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்ட் பூச்சைப் பத்துச் சிசுக்களின் மூச்சுக்குழாயில் விட்டு நலம் கண்டார். தொண்ணூறுகளில் அது அன்றாட மருந்தாயிற்று.

இனி நார்த்வேயின் நோய் ஒழிந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். ஒழியவில்லை, இடம் மாறிற்று. 34 வாரத்தில் பிறந்த 2 கிலோ குழந்தைகள் நலமாக வீடு திரும்பினர். அவர்களுடைய படுக்கையில் இப்போது 24, 25 வாரத்தில் பிறந்த, 700 கிராம்கூடத் தேறாத குழந்தைகள் கிடந்தனர். அழுத்தம் தணிந்த கருவி, அளந்து தரும் பிராணவாயு, பூச்சு மருந்து யாவும் இருந்தும் அவர்களுள் பலருக்கு நீங்காத நுரையீரல் நோய் வந்தது. இறந்த குழந்தைகளின் நுரையீரலைப் பார்த்தபோது பழைய தழும்புகள் அதிகமில்லை. வேறொன்று இருந்தது. கோடிக்கணக்கான சிற்றறைகள் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெரிய, சுவர் பிரியாத வெற்றறைகள். சான் அன்டோனியோவில் ஜாக்குலின் கோல்சன் குழுவினர், குறைமாதத்தில் பிறக்கச் செய்த பபூன் குரங்குக் குட்டிகளிடமும் இதையே கண்டனர். 1999-இல் ஆலன் ஜோப் இதற்குப் பெயர் சூட்டினார்: இது புதிய நோய், நுரையீரல் வளர்ச்சி நின்றுபோன நிலை.

இதன் பொருளை உணர ஒரு கணக்கு உதவும். 24 வாரத்துக் கருவின் நுரையீரலில் முறையான சிற்றறை ஒன்றுகூட இல்லை. கிளைவிட்ட குழல்களும் அவற்றின் முனையில் பை போன்ற அமைப்புகளும்தாம் உண்டு. அப்பைகளில் சுவர்கள் எழுந்து அறைகளாகப் பிரிவது ஏறத்தாழ 36-ஆம் வாரத்தில் தொடங்குகிறது. நிறைமாதத்தில் சுமார் 5 கோடி அறைகள். வளர்ந்த மனிதனிடம் 30 முதல் 50 கோடி வரை. ஆக, குறைமாதக் குழந்தையின் நுரையீரல் நம்முடையதன் சிறு பதிப்பு அன்று. கட்டி முடியாத வீடு. ஸ்டீராய்டும் பூச்சும் அவ்வீட்டுக்கு அவசரமாய் வெள்ளையடித்துக் குடியேற வைத்தன. அறைகளைக் கட்டித் தரவில்லை. நம்மவர் ‘பிஞ்சில் பழுத்தது’ என்பார்கள். முதிர்ச்சி வேறு, வளர்ச்சி வேறு என்பதை அச்சொல் எவ்வளவு துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது!

வளர்ச்சிக்கு ஆணையிடுவது எது? இக்கேள்வியை வேறொரு பெண்மணி, நுரையீரலை நினையாமலே, முன்னமே தொட்டிருந்தார். இத்தாலியின் டூரின் நகரில் பிறந்த யூதர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. 1938-இல் முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டு, தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழி முட்டைக் கருக்களில் நரம்பு வளர்வதை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று, ஒருவகைக் கட்டியிலிருந்து சுரக்கும் ஏதோவொன்று நரம்புகளைத் தன்பால் இழுத்து வளர்க்கிறது எனக் கண்டார். 1952-இல் அதை உறுதி செய்ய, கட்டியுள்ள எலிகளை விமானத்தில் எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கே போனார். நரம்பு வளர்ச்சிக் காரணி அவ்வாறு கண்டறியப்பட்டது. உயிரணு ஒன்று வெளியிட, அண்டை உயிரணு அதைப் பெற்று ‘வளர்’ என்றோ ‘பிரி’ என்றோ ‘நில்’ என்றோ பொருள்கொள்ளும் புரதச் செய்திகளே இந்த வளர்ச்சிக் காரணிகள். 1974-இல் பாப்பிறை அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1986-இல் நோபல் பரிசு வந்தது.

அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்டான்லி கோஹன் பின்னர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஸ்டால்மன் பணியாற்றிய அதே இடம். அவர் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தியபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய இமைகள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. தோல் வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் எழுபதுகளில் அக்காரணியை ஆட்டுக் கருக்களுக்குச் செலுத்தினார்கள். நுரையீரல் முன்கூட்டி முதிர்ந்தது. நம்பிக்கை பெரிதாயிற்று. ஆனால் அதுவும் பழுக்க வைத்தலே.

வளர்ச்சியின் வரைபடம் வேறிடத்தில் கிடைத்தது. பழ ஈக்கு நுரையீரல் இல்லை. உடலெங்கும் கிளைவிடும் காற்றுக் குழாய்கள் உண்டு. ஒரு மரபணு பழுதானால் அக்குழாய்கள் கிளைப்பதே இல்லை. 1996-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிராஸ்நோ குழுவினர், அந்த மரபணு தருவது ஒரு வளர்ச்சிக் காரணியையே எனக் கண்டனர். அதன் உறவுக் காரணியாகிய எஃப்.ஜி.எஃப்.-10 இல்லாத சுண்டெலிகள் நுரையீரலே இன்றிப் பிறந்தன. ஈயின் மூச்சுக்குழலுக்கும் மனிதக் குழந்தையின் நுரையீரலுக்கும் ஏறக்குறைய ஒரே மொழியில் ஆணை பிறக்கிறது என்பது வியப்பன்றோ?

கிளைகளுக்கு அது போதும். சிற்றறைகளுக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. அறைச்சுவர் எழும்போது அதனுள்ளே நுண்ணிய இரத்தத் தந்துகி ஓடுகிறது. சுவர் முன்னே செல்லத் தந்துகி பின்தொடர்கிறது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கொலராடோ மாநிலத்து டென்வரில் ஸ்டீவன் ஆப்மன் குழுவினர் இதைத் திருப்பிக் கேட்டார்கள்: தந்துகி நின்றால் சுவர் எழுமா? எலிக்குஞ்சுக்குப் பிறந்த பிறகே சிற்றறைகள் பிரியத் தொடங்குவதால் சோதிக்க ஏற்றது. இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியாகிய வி.இ.ஜி.எஃப்.-இன் செய்தி சென்றடையாதபடி மருந்தால் தடுத்தனர். அக்குஞ்சுகளுக்குப் பிராணவாயு மிகையும் இல்லை, கருவியின் அழுத்தமும் இல்லை. ஆயினும் சிற்றறைகள் பிரியவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டு, இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அக்காரணி குன்றியிருந்தது வேறொரு குழுவால் கண்டறியப்பட்டது.

குறைந்திருப்பதைக் கொடுத்துவிட்டால் போதாதா? இங்கேதான் உடல் நமக்குப் பொறுமை கற்பிக்கிறது. 2005-இல் கனடாவின் எட்மன்டனில் பெர்னார்ட் தெபோ குழுவினர், மிகைப் பிராணவாயுவால் கெட்ட எலிக்குஞ்சு நுரையீரலுக்கு அக்காரணியின் மரபணுவைச் செலுத்தினர். தந்துகிகள் வளர்ந்தன, சிற்றறைகளும் பிரிந்தன; ஆனால் புதிய தந்துகிகள் கசிந்தன. ஆஞ்சியோபொய்டின் என்ற மற்றொரு காரணியையும் சேர்த்தபோதே கசிவு தணிந்தது. இதில் வியப்பில்லை. 1983-இல் பாஸ்டனில் இக்காரணியை முதலில் கண்டறிந்தவர்கள் அதற்கு இட்ட பெயரே ‘இரத்தக்குழாயைக் கசியச் செய்யும் காரணி’ என்பதுதான்.

கண்ணின் கதை இங்கே வந்து சேர்கிறது. மிகைப் பிராணவாயுவால் விழித்திரையில் வி.இ.ஜி.எஃப். முதலில் ஒடுங்குகிறது, இரத்தக்குழாய்கள் வளராது நிற்கின்றன. பசித்த விழித்திரை சில வாரங்களில் அதே காரணியை மிதமிஞ்சிச் சுரக்கிறது. குழாய்கள் காடாய் மண்டி விழித்திரையைப் பிடித்திழுக்கின்றன; பார்வை போகிறது. 2011-இல் வெளியான ஆய்வொன்று, அக்காரணியைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்திப் பலன் காட்டியது. ஆனால் மருந்து கண்ணோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து அங்கும் அக்காரணியைப் பல நாட்கள் தாழ்த்துகிறது. கண்ணுக்கு வேண்டாத அதே செய்திக்காக அதே குழந்தையின் நுரையீரல் ஏங்கிக்கொண்டிருக்கிறது! ஊசியைக் கையில் எடுக்கும் மருத்துவரின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். பார்வை இழக்கும் ஆபத்து நெருங்கி நிற்கும்போது அவர் ஊசியைப் போடத்தான் வேண்டியிருக்கிறது.

அவசரத்தின் விலைக்கு இன்னொரு சாட்சி டெக்சாமெதசோன். பிறந்த பின் சிசுக்களுக்கு அந்த ஸ்டீராய்டைத் தந்தால் மூச்சுக் கருவியிலிருந்து விரைவில் விடுவிக்க முடிந்தது; எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏராளமாகத் தந்தார்கள். அது எலிக்குஞ்சுகளில் சிற்றறை பிரிவதைத் தடுத்துவிடுகிறது என்று 1985-லேயே மசாரோ தம்பதியர் காட்டியிருந்தனர். மூளைவாதம் கூடுகிறது என்ற ஆய்வுகளும் வந்தபின், 2002-இல் அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவச் சங்கங்கள் அதை வழக்கமாகத் தருவது கூடாதென்றன.

உண்மையில் பயன்பட்டவை அடக்கமானவை. 1999-இல், வாரம் மூன்றுமுறை வைட்டமின் ஏ ஊசி, இறப்பையோ இந்நோயையோ 62 விழுக்காட்டிலிருந்து 55 ஆகக் குறைத்தது. 2006-இல், மூச்சை நினைவூட்டுவதற்காகத் தரப்பட்ட காஃபீன், நம் காபியில் உள்ள அதே பொருள், நோயை 47-இலிருந்து 36 விழுக்காடாக்கியது.

வளர்ச்சிக் காரணிகளுள் குழந்தைகளிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது ஐ.ஜி.எஃப்.-1. கருவில் இருக்கும்வரை கடைசி மாதங்களில் அதன் அளவு கூடிக்கொண்டே போகும். குறைமாதத்தில் பிறந்ததும் சட்டெனத் தாழ்கிறது. அது தாழ்ந்த குழந்தைகளுக்கே கண்நோய் அதிகம் என்று 2001-இல் சுவீடனின் ஆன் ஹெல்ஸ்ட்ரோம், பாஸ்டனின் லோயிஸ் ஸ்மித் ஆகியோர் காட்டினர். இது போதிய அளவு இல்லாவிட்டால் வி.இ.ஜி.எஃப். இருந்தும் இரத்தக்குழாய்கள் செவ்வனே வளர்வதில்லை. எனவே கருப்பை தந்திருக்கக்கூடிய அளவை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாகத் தந்து பார்த்தார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த 121 குழந்தைகள். 2019-இல் முடிவு வெளிவந்தது. கண்ணுக்காகச் செய்த சோதனை கண்ணுக்குப் பயன்படவில்லை. ஆனால் கடுமையான நுரையீரல் நோய், மருந்து பெறாதவர்களிடம் ஏறத்தாழ 45 விழுக்காடாக இருக்க, பெற்றவர்களிடம் 21 விழுக்காடாகவே இருந்தது. தேடிப் போனது கிடைக்காமல் தேடாதது கிடைத்த ஒரு சிறிய சோதனையை மட்டும் நம்பி மருந்தென்று அறிவித்துவிட முடியாது. எனினும் இவ்வரலாற்றில் முதன்முறையாக, பழுக்க வைப்பதை விட்டு, தாயின் வயிற்றில் நடந்திருக்க வேண்டியதைத் தொடரச் செய்யும் எண்ணம் தொட்டிலருகே வந்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். அவர்களுள் 30 இலட்சம் பேர் நம் இந்தியாவில். பிராணவாயுவை அளந்து கலக்கும் எளிய கருவிகூட இல்லாத மருத்துவமனைகள் நம்மிடையே உண்டு. மேலைநாடுகளில் இன்று கண்நோய் வராத எடையுள்ள குழந்தைகளுக்கும் இங்கு அது வருகிறது. 1950-களின் பாடத்தை நாம் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

நார்த்வே தம் குழந்தைகளை விட்டுவிடவில்லை. 1964-க்கும் 1973-க்கும் இடையில் பிறந்து, இந்நோயோடு வீடு சென்றவர்களைத் தேடிப்பிடித்து, இளைஞர்களாகிவிட்ட 26 பேரை மீண்டும் பரிசோதித்து 1990-இல் எழுதினார். மூன்றில் இரு பங்கினருக்கு மூச்சுக்குழல் இறுக்கம் எஞ்சியிருந்தது. அவர்களுள் பலர் அதை அறியாமலே பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் குழாயில் வாய் வைத்து மூச்சை முழுவலிமையோடு ஊத, முன்னொரு நாள் வெண்மையாய்ப் போன அவன் நுரையீரலின் படத்தை வைத்திருந்த மருத்துவர் பக்கத்தில் நின்று அளவு குறித்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். பேட்ரிக் கென்னடி இருந்திருந்தால் அவர்களில் எவரைவிடவும் மூத்தவனாக இருந்திருப்பான்.